முளையிலே தெரியுமா?

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது முன்னோர் வாக்கு. முளைத்த பின்னர் பயிரைப் பார்த்துத் தலையாட்டுவது யார்க்கும் எளிது. சேற்றிலே கிடக்கும் நெல்மணிகளுள் எது பெருங்கதிர் விடும் என்று முன்கூட்டியே சொல்லுவதன்றோ அரிது! அவ்வரிய தொழிலைப் பொழுதுபோக்காகக் கொண்ட இளைஞன் ஒருவன் எமது இல்லத்திலேயே இருக்கின்றான். அவன் என் தங்கையின் மகன். உயர்தர வகுப்பிலே பயிலுபவன்.

ஆடி மாதத்துச் சனிக்கிழமை இரவொன்றில் அவன் தாள்களைத் திண்ணையெங்கும் பரப்பிக்கொண்டு, கைத்தொலைபேசியும் கையுமாக அமர்ந்திருந்தான். பரீட்சைக்குத்தான் இத்துணை ஆயத்தமோ என்று மகிழ்ந்து அருகிற் சென்றேன். தாள் நிறைய இங்கிலாந்து உதைபந்தாட்ட வீரர்களின் பெயர்கள்! இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் அவனுடைய மச்சான்மார், மச்சாள்மாருடன் சேர்ந்து மொத்தம் எட்டுப் பேர் கற்பனை உதைபந்தாட்டம் ஆடுகின்றனராம். அன்றிரவு வீரர் தெரிவு.

இவ்விளையாட்டை அறியாத பெற்றோர்க்காகச் சிறிது விளக்குதல் தகும். இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கிலே 20 கழகங்கள் உண்டு; ஒவ்வொரு கழகமும் ஆண்டொன்றுக்கு 38 ஆட்டங்கள் ஆடும். கற்பனை ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் அக்கழகங்களிலிருந்து 15 வீரரைத் தெரிந்து தமக்கென ஓர் அணியை அமைக்கின்றார். உண்மையான மைதானத்திலே அவ்வீரர் கோல் அடித்தால் அவரை வைத்திருப்பவர்க்குப் புள்ளி. கோலுக்கு வழி செய்தாலும் புள்ளி. காப்பு வீரராயின் தம் அணி கோல் வாங்காது காத்தாலும் புள்ளி. எட்டுப் பேரும் முறைவைத்து ஒவ்வொருவராகத் தெரிவர். ஒருவர் எடுத்த வீரரை மற்றொருவர் எடுத்தல் இயலாது. முதற் சுற்றில் இறுதியாகத் தெரிபவர் இரண்டாஞ் சுற்றில் முதலாவதாகத் தெரிவார். பணம் கட்டி ஆடுவதன்று என்று அவன் சத்தியம் செய்த பின்னரே நான் மேற்கொண்டு செவிகொடுத்தேன்.

இதன் மூலம் அமெரிக்காவில் உள்ளது. கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரத்து அணியின் பங்காளருள் ஒருவரான பில் விங்கன்பாக் என்பார் 1962ஆம் ஆண்டில் நண்பர் சிலருடன் இதனை வகுத்தார். அடுத்த ஆண்டு முதலாவது தெரிவு நடைபெற்றது. அது முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி ஓடும் அமெரிக்க ஆட்டத்துக்கு உரியது. நம் உதைபந்தாட்டத்துக்கு அது வந்து சேர்ந்தது மிகப் பின்னரே.

“மாமா, முதல் ஐந்தாறு சுற்றுக்கு ஆலோசனை வேண்டாம். பெரிய பெயர்களை எல்லாருக்கும் தெரியும். ஒன்பதாம் சுற்றுக்குப் பிறகு யாரை எடுப்பது? அங்கேதான் வெற்றி தோல்வி இருக்கு” என்றான். பாடசாலையொன்றில் நெடுங்காலம் விளையாட்டுக்குப் பொறுப்பாசிரியனாக இருந்தவனல்லவா நான்! கண்டவுடன் வீரனை அறிவேன் என்ற செருக்கு எனக்கு இருந்தது. நடை, உடற்கட்டு, பந்தைத் தொடும் பாங்கு என்று அடுக்கத் தொடங்கினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு தாளை என்னிடம் நீட்டினான்.

அதிலே இரண்டு வீரரின் கணக்கு இருந்தது. முதலாமவர் முந்திய ஆண்டிலே 3,000 நிமிடம் ஆடி 9 கோல் அடித்தவர். மற்றவர் 600 நிமிடம் மட்டும் ஆடி 4 கோல் அடித்தவர். பத்திரிகையிலே 9 என்ற இலக்கமே பெரிதாகத் தெரியும். ஆனால் 90 நிமிட முழு ஆட்டம் ஒன்றுக்கு என்று வகுத்துப் பார்த்தால் முதலாமவர்க்கு 0.27, இரண்டாமவர்க்கு 0.60. “இவருக்கு முன்னால் நிற்கிற ஆள் இந்த வருஷம் கழகத்தை விட்டுப் போறார், மாமா. இனி 2,000 நிமிடமாவது கிடைக்கும்” என்றான்.

திறமை திடீரென முளைப்பதில்லை என்பதே அவன் கட்சி. அது முன்னரே இருக்கின்றது. நிமிடங்கள்தாம் திடீரென வருகின்றன. ஆதலால் வீரனைப் பார்ப்பதோடு, அவனுக்கு முன்னே அடைத்து நிற்பது யாது, அது எப்போது விலகும் என்றும் பார்த்தல் வேண்டுமாம்.

அவன் காட்டிய உதாரணங்கள் வலுவானவை. ஹரி கேன் என்னும் வீரரை டொட்டன்ஹாம் கழகம் அடுத்தடுத்து நான்கு கழகங்களுக்கு இரவல் கொடுத்தது. 2013–14 பருவத்தின் இறுதியில், ஏப்ரல் மாதத்திலே இடங் கிடைத்தபோது அவர் மூன்று லீக் கோல்களை அடித்தார். ஆயினும் அடுத்த பருவத் தொடக்கத்தில் அடெபாயோர், சொல்தாடோ என்னும் பெயர்பெற்ற இருவர் அவருக்கு முன்னே நின்றனர். அவ்விருவரும் சோர்ந்தபோது கேனுக்கு இடம் வந்தது. அப்பருவத்தில் மட்டும் 21 லீக் கோல்கள். புதுமை என்று உலகம் வியந்தது. அந்த ஏப்ரல் மாதத்துக் கணக்கை எழுதி வைத்திருந்தவர் வியந்திருக்கமாட்டார்.

ஜேமி வார்டியின் கதை இதனினும் சுவையானது. முறிந்த கைகால்களுக்குக் கட்டும் தாங்கிகளைச் செய்யும் தொழிற்சாலையிலே வேலை பார்த்துக்கொண்டு, சிறு கழகங்களில் ஆடியவர் அவர். 2012இல் லெஸ்டர் சிட்டிக்கு வந்தார். 2014–15 பருவத்தில் அவர் அடித்த லீக் கோல்கள் ஐந்தே. அடுத்த பருவத்தில் 24. அவற்றுள்ளும் தொடர்ந்து 11 ஆட்டங்களிலே கோல் அடித்துச் சாதனை படைத்தார். லெஸ்டர் சிட்டியே அவ்வாண்டு வெற்றிக் கிண்ணத்தைத் தூக்கியது. இதனை யாவரும் அறிவர். யாவரும் மறந்தது ஒன்றுண்டு: முந்திய பருவத்தில் கடைசி இடத்திலே கிடந்த அவ்வணி, இறுதி ஒன்பது ஆட்டங்களுள் ஏழில் வென்றுதான் தப்பிப் பிழைத்தது. முளை அங்கே வெளிப்பட்டுவிட்டது. கோடை விடுமுறையிலே நாம்தான் அதனை மறந்துவிட்டோம்.

நிற்கும் இடமும் நோக்கத்தக்கது. கரத் பேல் இடப்புறக் காப்பு வீரராக டொட்டன்ஹாமுக்கு வந்தவர். அவர் இறங்கிய முதல் 24 லீக் ஆட்டங்களுள் ஒன்றிலேனும் அவருடைய அணி வெல்லவில்லை. அபசகுனம் என்றே பேசினர். அவரை முன்னே நகர்த்தினர். 2012–13இல் 21 லீக் கோல்கள்! தண்ட உதைகளை யார் உதைப்பார், மூலை உதை யாருடையது என்பவையும் இவ்வகையைச் சேர்ந்தனவே. பெனால்டி உதை நான்கில் மூன்று முறையேனும் கோலாகின்றது. அவ்வுரிமை கைமாறினால் ஒருவருடைய ஆண்டுக் கணக்கே மாறிவிடும்.

ஏமாற்றும் முளைகளும் உண்டு. சில நிமிடங்களின் கணக்கு மணலிற் கட்டிய வீடு போன்றது. இறுதி இருபது நிமிடத்தில், எதிரணி களைத்திருக்கும் வேளையில் இறங்குபவனுக்குக் கோல் எளிது. 90 நிமிடமும் ஓடச்சொன்னால் அவன் எங்கே நிற்பான் என்பது வேறு கேள்வி. ஆதலால் என் மருமகன் கோலை மட்டும் எண்ணுவதில்லை. எத்தனை முறை கோலுக்கு அண்மையிலிருந்து உதைத்தான் என்றும் எண்ணுகின்றான். தூரத்திலிருந்து அடித்த ஓர் அற்புதக் கோல் மறுபடி வாராது. அண்மையிலே மீண்டும் மீண்டும் வந்து நிற்பவன், தவறவிட்டாலும் ஒருநாள் அடிப்பான். மலர்ந்தவரெல்லாம் நிலைப்பதுமில்லை. மிச்சு என்னும் ஸ்பானிய வீரர் சுவான்சி கழகத்துக்கு வந்த முதற் பருவத்திலேயே 18 லீக் கோல்கள் அடித்தார். மறு பருவத்தில் காயங்களால் நலிந்து இரண்டே அடித்தார்.

இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் மனம் இங்கிலாந்தில் நிற்கவில்லை. எழுந்து அலுமாரியைத் திறந்து 2009ஆம் ஆண்டின் பழைய குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன்.

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக நெடுந்தூரம் கிடப்பதை வாசகர்கள் அறிவர். கதிரவன் எழும் கரை எழுவான்கரை. விழும் கரை படுவான்கரை. பாடசாலைகளும் மைதானங்களும் எழுவான்கரையிலேதான் மிகுதி. அக்காலத்தில் மண்முனையிலே பாலம் இல்லை. தெப்பம் போன்ற மிதவையிலே, நாம் ‘பாதை’ என்று வழங்கும் அதிலேதான் மனிதரும் மாடும் மோட்டார் சைக்கிளும் வாவியைக் கடத்தல் வேண்டும். எமது அணியிலே படுவான்கரைப் பையன் ஒருவன் இருந்தான். மெலிந்த உடம்பு, நடையிலும் மிடுக்கில்லை. ஒவ்வொரு பயிற்சியின்போதும் பாதி நேரத்தில், “சேர், கடைசிப் பாதை போயிரும்” என்று சொல்லிப் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். முழுநேரம் நில்லாதவனுக்கு அணியில் இடமில்லை என்பது என் சட்டம். வலயப் போட்டிக்கு அவனை நான் தெரியவில்லை. அவன் ஒன்றும் பேசவில்லை. அந்த ஓட்டத்தை மட்டும் இன்றும் மறக்க முடியவில்லை, பந்தோடு ஓடுவதைக் காட்டிலும் பாதைக்கு ஓடுவதில் வேகம் கூடுதல் என்று மற்றப் பையன்கள் நகைப்பர், நானும் நகைத்திருக்கின்றேன்.

புத்தகத்தை மருமகனிடம் கொடுத்தேன். யார் எப்போது இறங்கினார், யார் அடித்தார் என்று குறித்து வைப்பது என் வழக்கம். குறித்தேனேயன்றி வகுத்துப் பார்த்தேனில்லை. அவன் வகுத்தான். ஏழு ஆட்டங்கள், ஆட்டத்துக்கு 70 நிமிடம். எங்கள் முதன்மை முன்னணி வீரன் ஏழிலும் முழுமையாக நின்று 490 நிமிடத்தில் 6 கோல். 82 நிமிடத்துக்கு ஒன்று. படுவான்கரைப் பையன் அங்குமிங்குமாக 150 நிமிடத்தில் 4 கோல். 38 நிமிடத்துக்கு ஒன்று.

“மாமா, இவரைத்தான் நான் முதல் எடுத்திருப்பேன்” என்றான் மருமகன். நான் வெற்றிலைத் தட்டைத் தேடுவதுபோல உள்ளே சென்றுவிட்டேன்.

சிறு தொகை, ஏழு ஆட்டத்தின் கணக்கு, மணல்வீடு என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். உண்மைதான். ஆனால் 150 நிமிடத்துக்கு மேல் கொடுத்துப் பார்க்க வேண்டியவனும் நான்தானே! மண்முனைப் பாலம் ஜப்பானிய உதவியோடு கட்டப்பெற்று 2014இல் திறக்கப்பட்டது. அப்போது அந்தப் பையன் பாடசாலையை விட்டு நீங்கிச் சில ஆண்டுகள் கடந்திருந்தன. பாலத்தின் மேல் பஸ்ஸில் செல்லுந்தோறும் கீழே நீரைப் பார்ப்பதுண்டு.

இடங் கிடைத்தமையால் மலர்ந்தோரும் நம் வாவிக்கரையிலே உண்டு. தர்ஜினி சிவலிங்கத்தை அறியாத மாணவர் இரார். யாழ்ப்பாணத்திலே பிறந்து, வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலே பயின்றவர். ஆறடி பத்தங்குல உயரம் படைத்தவர். அவ்வுயரம் எவர் கண்ணுக்கும் மறைந்திருந்ததன்று. வலைப்பந்தாட்ட மைதானத்தில், கோல் வளையத்துக்கு அருகே அவருக்கென ஓரிடம் கிடைத்த பின்னரன்றோ அது திறமையெனப் பெயர் பெற்றது! 2018இல் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் அவர் இருந்தார். 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியிலே மிகுதியான கோல்களைப் போட்டவரும் அவரே.

இப்பொழுதெல்லாம் மட்டுநகர் வெபர் மைதானத்தில் கழக ஆட்டம் நடைபெறும் நாளில் ஒரு சிறு புத்தகமும் பழைய கைக்கடிகாரமும் கொண்டு செல்கின்றேன். அமெரிக்காவிலிருந்து வந்து நம் பிள்ளைகளுக்கு ஓட்டமும் பாய்ச்சலும் பயிற்றிய வெபர் அடிகளாரின் பெயர் தாங்கிய மைதானம் அது. கோல் அடித்தவனைக் கூட்டம் பார்க்கும். நான் ஓரத்து வாங்கிலே அமர்ந்திருப்பவன் எப்போது எழுகின்றான், எழுந்தபின் எத்தனை நிமிடம் நிற்கின்றான் என்று குறிக்கின்றேன். பக்கத்திலிருப்போர் என்னைப் பத்திரிகைக்காரன் என்று எண்ணிச் சோடா வாங்கித் தருவதுமுண்டு.

அன்றிரவுத் தெரிவு முடிய நள்ளிரவாயிற்று. எட்டாம் இடம் விழுந்தமையால் என் மருமகனுக்குப் பெரும் பெயர்கள் அதிகம் கிட்டவில்லை. ரொறன்ரோ மச்சாள் அவன் கண்வைத்திருந்த இருவரை அடுத்தடுத்துப் பறித்துவிட்டாள். பதின்மூன்றாஞ் சுற்றில் என்னைப் பார்த்து, “மாமா, இதை நீங்கள் சொல்லுங்கோ” என்றான். தாளை வாங்கி, கண்ணாடியைத் துடைத்து, முந்திய பருவத்தில் 400 நிமிடங்கூட ஆடாத ஓர் இளைஞனின் பெயரில் விரலை வைத்தேன். அப்பெயரை இங்கே எழுதுவதற்கில்லை. இலண்டன் மருமக்களும் இப்பத்திரிகையைப் படிப்பதுண்டு. இடைப் பருவத்திலே வீரரை மாற்றிக்கொள்ளவும் அவர்களுக்கு இடமிருக்கின்றதாம்.