உறக்கம் தேடும் கொடி

பாலேக் பூலாவ் பக்கம் போய் வந்தவர்கள் ஜாதிக்காய்ச் சாற்றைச் சுவைக்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். ஆனால், ஜாதிக்காய் பினாங்கின் சொந்த மரம் அன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியார் மலுக்குத் தீவுகளிலிருந்து கன்றுகளைக் கொண்டுவந்து இங்கே நட்டனர். இரண்டு இடங்களும் பூமத்திய ரேகைக்கு அருகிலேயே உள்ளன. மரத்திற்கு ஊர் மாறியதே தவிர, தட்பவெப்பம் பெரிதாக மாறவில்லை.

வெள்ளை வைன் செய்யப் பயன்படும் ஐரோப்பியத் திராட்சையின் கதை வேறு. அதன் பாரம்பரிய நிலங்கள் பெரும்பாலும் 30 முதல் 50 பாகை அட்சரேகைக்குள் அடங்கும். அங்கே குளிர்காலத்தில் கொடி இலை உதிர்த்து உறங்கும். வசந்தம் வந்ததும் மொட்டுகள் ஒருசேர விழிக்கும். குளிர்காலமே இல்லாத இடத்தில் கொடி உறங்குவதில்லை. நுனி மொட்டு மட்டும் முந்திக்கொள்ள, மற்றவை தாறுமாறாகத் துளிர்க்கும்.

இன்னொரு சிக்கல் புளிப்பு. சிவப்பு வைனில் பழத்தோலும் சேர்ந்து நொதிக்கிறது. வெள்ளை வைனில் பெரும்பாலும் சாறு மட்டுமே. ஆகவே புளிப்பும் மணமுமே அதற்கு உயிர். இரவு வெப்பமாக இருந்தால், கொடி தன் சுவாசத்திற்காகப் பழத்திலுள்ள மாலிக் அமிலத்தைச் செலவழித்துவிடும். இனிப்பு மிஞ்சும், உயிர்ப்பு இராது.

இந்த இரண்டு சிக்கல்களுக்கும் விடை கண்ட இடம் மகாராஷ்டிராவின் நாசிக். 20 பாகை அட்சரேகையில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில் உள்ள இவ்வூர், உண்ணும் திராட்சைக்கு முன்பே பெயர்போனது. ராஜீவ் சாமந்த் 1997-இல் இங்கே பிரான்சு நாட்டு வகைகளான சோவிஞ்ஞோன் பிளாங்க், ஷெனின் பிளாங்க் கொடிகளை நட்டார். அவரது சுலா நிறுவனத்தின் முதல் வைன் 2000-இல் வெளிவந்தது.

அங்கே குளிர்காலத்தின் வேலையைக் கவாத்துக் கத்தி செய்கிறது. அறுவடை முடிந்ததும் ஏப்ரலில் ஒருமுறை வெட்டுகிறார்கள். மழைக்காலம் முழுவதும் கொடி கிளை மட்டும் வளர்க்கும். செப்டம்பர், அக்டோபரில் மீண்டும் வெட்டி, மொட்டுகளில் ஹைட்ரஜன் சயனமைடு பூசி ஒரே நேரத்தில் விழிக்கச் செய்கிறார்கள். காய் குளிர்ந்த இரவுகளில் வளர்ந்து, ஜனவரி முதல் மார்ச்சுக்குள் அறுவடையாகிறது. தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. நாசிக்கின் வைன் தோட்டங்களோ தரத்திற்காக ஒரே விளைச்சலோடு நின்றுகொள்கின்றன. அதிலும் ஆபத்து உண்டு. பூக்கும் வேளையில் பருவம் தவறிய மழை வந்தால் அடிச்சாம்பல் நோய் கொடியைத் தாக்கும். பழுக்கும் வேளையில் வந்தால் பழம் வெடிக்கும். ஓர் ஆண்டு உழைப்பு ஓரிரு நாளில் போய்விடும்.

நமக்கு அருகிலுள்ள தாய்லாந்தின் ஹுவா ஹின், காவ் யாய் பகுதிகளிலும் மழை ஓய்ந்த மாதங்களில் காய் முற்றும்படி கவாத்து செய்து ஷெனின் பிளாங்க் விளைவிக்கிறார்கள்.

அப்படியானால் பினாங்கில் முடியுமா? வீட்டுப் பந்தலில் கொடி படரும், காய்க்கவும் கூடும். ஆனால், நல்ல வெள்ளை வைனுக்குரிய பழம் கிடைப்பது அரிது. கத்தி கொடியை உறங்க வைக்கலாம். குளிர்ந்த இரவையும் மழையற்ற மாதங்களையும் அதனால் தர இயலாது. 5 பாகையில் உள்ள நமக்கு இரண்டும் வாய்க்கவில்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. புவி வெப்பமடைவதால் பிரான்சின் பல வட்டாரங்களில் இன்று அறுவடை முன்பைவிட இரண்டு வார அளவுக்கு முந்திவிட்டது. தாய் மண்ணிலேயே திராட்சை புளிப்பை இழக்கத் தொடங்கியுள்ளது. வெப்பத்தில் புளிப்பைக் காப்பது எப்படி என்பது இனி அங்கும் கேட்கப்படும் கேள்வி. நாசிக் உழவர் அந்தக் கேள்வியோடுதான் கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் கவாத்துக் கத்தி பிடித்து வருகிறார்.