தெருவோரத்துப் படைவீரரும் காதில் ஐந்து ஊசிகளும்

யுத்தம் ஓய்ந்த பின்னும் யுத்தவீரரின் சரீரத்தில் வலி ஓய்வதில்லை. பாரம் சுமந்து தேய்ந்த முழங்காலும், குண்டுவெடிப்பில் அதிர்ந்த முதுகெலும்பும் ஆண்டுக்கணக்கில் நோகின்றன. அமெரிக்காவில் இவ்வேதனையைச் சுமப்போரில் சிலருக்குத் தலைசாய்க்கவும் இடமில்லை. 2024 ஜனவரியில் ஒரே இரவில் எடுக்கப்பட்ட கணக்கின்படி, அங்கே வீடற்றிருந்த முன்னாள் படைவீரர்கள் 32,882 பேர்.

இவ்வலிக்கு நெடுங்காலமாகத் தரப்பட்டவை அபின் வகை மாத்திரைகள். அவை வலியைத் தணித்தன. அநேகரை அடிமையாக்கவும் செய்தன. 2013-இல் முன்னாள் படைவீரர் நலத்துறை அவற்றைக் குறைக்கும் முயற்சியைத் தொடங்கியது. மாத்திரை குறைந்தால் வலியும் குறைந்துவிடுமா? நடைபாதையில் உறங்குகிறவருக்கோ மாத்திரையைப் பத்திரப்படுத்தவே இடமில்லை. உறங்கும்போது களவுபோனாலும் வியப்பில்லை.

இங்கேதான் ஊசி வருகிறது. 2001-இல் அமெரிக்க விமானப்படை மருத்துவர் ரிச்சர்ட் நீம்ட்சோ, 'போர்க்கள அக்குபங்சர்' என்ற முறையை வகுத்தார். அதற்குப் படுக்கை வேண்டாம், ஆடை களைய வேண்டாம். ஒவ்வொரு காதிலும் ஐந்து இடங்கள். அவற்றில் ஆணிபோன்ற சின்னஞ்சிறு ஊசிகள். ஒன்றைக் குத்தியதும் நோயாளியை எழுந்து நடக்கச் சொல்வார்கள். "வலி இப்போது எவ்வளவு?" என்று கேட்டே அடுத்ததைக் குத்துவார்கள். வலி போதிய அளவு தணிந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். ஊசிகள் காதிலேயே தங்கி, சில நாட்களில் தாமாக உதிரும். அக்குபங்சர் நிபுணர்தாம் வேண்டுமென்பதில்லை. பயிற்சி பெற்ற மருத்துவரோ செவிலியரோ செய்யலாம். எனினும் குளிக்க வசதியற்றவரின் காதில் ஊசியை விட்டுவைத்தால் சீழ் பிடிக்கக்கூடும். நீரிழிவு உள்ளவர்களும் இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்பவர்களும் முன்னதாகவே அதைச் சொல்லிவிட வேண்டும்.

பலன் எவ்வளவு? 2018-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, நாட்பட்ட வலியுள்ள 20,827 பேரின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. வழக்கமான அக்குபங்சர், பாவனைக்காகக் குத்தும் ஊசியைவிடச் சற்றே மேலானது. அக்குபங்சரே பெறாதவர்களோடு ஒப்பிட்டால் நன்மை தெளிவாகத் தெரிந்தது. காதில் ஐந்து ஊசி குத்தும் முறைக்கோ அத்தனை பலமான சான்றில்லை. உடனடியாகச் சிறிது ஆறுதல் கிடைக்கிறது, அது நெடுநாள் நீடிப்பதில்லை என்று கொள்வதே நேர்மை.

ஆகவே மறுபடியும் வரவேண்டும். 2017-இல் நலத்துறை அக்குபங்சரைத் தன் மருத்துவ உரிமைகளில் சேர்த்தது. வீடுள்ள வீரர் குறித்த நாளில் வந்து சிகிச்சையைத் தொடரலாம். முகவரியும் தொலைபேசியும் இல்லாதவரை யார் எங்கே தேடுவது? 1988-இல் சான்டியாகோ நகரில், வியட்நாம் யுத்தத்தில் பங்கேற்றவர்கள் வீடற்ற சகவீரர்களுக்காக மூன்று நாள் முகாம் நடத்தினார்கள். அதைப் பின்பற்றி எழுந்த முகாம்கள் சிலவற்றில் அக்குபங்சரும் உண்டு. அங்கே அவர் நாற்காலியில் அமர்ந்து, வலி தணிந்து எழுகிறார்; அன்றிரவே குளிர்ந்த தரையில் படுக்கிறார். அதே முதுகு மீண்டும் நோகிறது.

2008 முதல் அரசு இவ்வீரர்களுக்குப் பெருமளவில் வாடகைச் சீட்டும், கூடவே ஒரு சமூகப் பணியாளரின் துணையும் வழங்கி வருகிறது. ஊசி உதிர்ந்தபின் வலி திரும்பினால், அப்பணியாளருக்கு இப்போது தட்ட ஒரு கதவு இருக்கிறது.