எருமைக்கும் உண்டு நகல்!

பண்ணைக்காட்டுத் தோட்டத்தில் மலைவாழையின் பக்கக்கன்றைப் பிரித்து நட்டால், தாய்மரத்தின் குணம் அப்படியே வந்துவிடும். நன்றாகப் பால் கறக்கும் எருமைக்கும் இப்படி ஒரு நகல் கிடைக்குமா?

கிடைக்கும். ஹரியானாவில், கர்னால் நகரத்தில் இருக்கும் தேசிய பால்வள ஆராய்ச்சி நிறுவனம் அதைச் செய்து காட்டியது. கையில் பிடித்த மெல்லிய கத்தியால், நுண்ணோக்கியில் பார்த்தபடியே கருமுட்டையை வெட்டி, உட்கரு இருக்கும் பகுதியை நீக்குகிறார்கள். அப்படி உட்கரு நீக்கிய இரண்டு முட்டைத் துண்டுகளோடு, நகலெடுக்க வேண்டிய விலங்கின் செல் ஒன்றைச் சேர்த்து, லேசான மின்துடிப்பால் இணைக்கிறார்கள்.

ஆனால் உண்மையான சவால் அதற்குப் பிறகுதான். இப்படி உருவாகும் கருக்களில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. தாயின் உடல்சூடு, ஊட்டம் தரும் திரவம், அளவான காற்று, இவை அனைத்தும் சரியாக அமைந்த பெட்டிக்குள் ஒரு வாரம் போல வளர்த்த பிறகே, கருவை வாடகைத்தாய் எருமையின் கருப்பைக்கு மாற்றுகிறார்கள்.

2009 பிப்ரவரியில் பிறந்த முதல் கன்று சில நாட்களிலேயே இறந்துபோனது. விஞ்ஞானிகள் விடவில்லை. அடுத்த ஆண்டு பிறந்த, 'கரிமா-2' என்ற நகல் எருமை நன்றாக வளர்ந்தது. மற்ற எருமைகளைப் போலவே சினையாகி, 2013 ஜனவரியில் மகிமா என்ற கன்றையும் ஈன்றது. நகலாகப் பிறந்த எருமையும் நலமான தாயாக முடியும் என்பதற்கு மகிமாவே சாட்சி!