பாட்டில் மையில் ஓடும் பிரிண்டர்

எப்சன் நிறுவனத்தின் வீட்டு பிரிண்டர்கள் பலவற்றுக்கு 003 என்று எண்ணிட்ட மை பாட்டில் கடைகளில் கிடைக்கிறது. கறுப்பு பாட்டிலில் 65 மில்லி மை இருக்கும். அதில் சுமார் 4,500 பக்கங்கள் அச்சிடலாம் என்பது நிறுவனத்தின் கணக்கு. வகுத்துப் பார்த்தால், ஒரு பக்கத்துக்குச் செலவாவது ஒரு மில்லியில் எழுபதில் ஒரு பங்கு. மருந்துக் கணக்கில் 20 சொட்டு சேர்ந்தால்தான் ஒரு மில்லி. அப்படியென்றால் ஒரு பக்கம் முழுக்க எழுத்து விழுவதற்கு மூன்றில் ஒரு சொட்டு மைகூடத் தேவையில்லை.

காசுக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். பாட்டில் 400 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்துக்கான மை 9 பைசா. 500 தாள் கொண்ட ஏ4 கட்டு 300 ரூபாய் என்றால் ஒரு தாள் 60 பைசா. அதாவது, மையைவிடத் தாளுக்குத்தான் ஆறு மடங்குக்கு மேல் செலவாகிறது. கார்ட்ரிட்ஜ் பிரிண்டர் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கத்துக்கும் கணக்குப் பார்த்த குடும்பங்களுக்கு இது பெரிய விடுதலை. இந்த மலிவு எங்கிருந்து வந்தது, அதற்கு ஈடாக நாம் என்ன செய்ய வேண்டும் என்ற இரண்டையும் தெரிந்துகொண்டு வாங்கினால், இந்த இயந்திரம் பல ஆண்டுகள் உழைக்கும்.

பிரிண்டர் மலிவு, மை விலை அதிகம்

மையைச் சூட்டின் உதவியால் துளித்துளியாகத் தாளில் தெளிக்கும் இங்க்ஜெட் முறை 1970களின் இறுதியில் உருப்பெற்றது. ஜப்பானின் கேனான் ஆய்வகத்தில் 1977இல் இசிரோ எண்டோ என்ற ஆய்வாளர், மை நிரப்பிய ஊசியின் மீது சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாகப் பட்டதும் ஊசி முனையிலிருந்து மை பீச்சியடிப்பதைக் கவனித்தார். சூடு மையைத் தள்ளும் என்ற அந்த உண்மையே பிறகு இயந்திரமாயிற்று. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் எச்.பி. நிறுவனத்தாரும் தனியாக இதே வழியைக் கண்டடைந்தார்கள். 1984இல் அவர்களுடைய திங்க்ஜெட் பிரிண்டர் விற்பனைக்கு வந்தது. அதில் மையும், மையைத் தெளிக்கும் ஹெட்டும் ஒரே சிறு பெட்டிக்குள் இருந்தன. மை தீர்ந்தால் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது மாட்ட வேண்டியதுதான்.

இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய வசதி உண்டு. ஒவ்வொரு முறை கார்ட்ரிட்ஜ் மாற்றும்போதும் ஹெட்டும் புதிதாகிவிடுகிறது. அடைப்பு, தேய்மானம் எல்லாம் பழைய பெட்டியோடு போய்விடும். ஆனால் வணிகம் வேறு பக்கம் திரும்பியது. பிரிண்டரைக் குறைந்த விலைக்கு விற்று, லாபத்தைக் கார்ட்ரிட்ஜில் எடுப்பது வழக்கமாயிற்று. சில மில்லி மை கொண்ட பெட்டி, சில நூறு பக்கங்களில் தீர்ந்துவிடும். இரண்டு மூன்று முறை கார்ட்ரிட்ஜ் வாங்கினால் பிரிண்டரின் விலையே வந்துவிடும் நிலை.

மக்கள் சும்மா இருக்கவில்லை. ஊசியால் மை ஏற்றிக் கொடுக்கும் ரீஃபில் கடைகள் ஊரெங்கும் முளைத்தன. நிறுவனங்கள் கார்ட்ரிட்ஜில் சிப் வைத்து அதைத் தடுக்கப் பார்த்தன. அமெரிக்காவில் இந்தப் பிணக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. லேசர் பிரிண்டரின் டோனர் கார்ட்ரிட்ஜ் பற்றி லெக்ஸ்மார்க் நிறுவனம் தொடுத்த வழக்கில், ஒரு பொருளை விற்றபின் காப்புரிமையைக் காட்டி அதன் மீது உரிமை கொண்டாட முடியாது என்று 2017 மே மாதம் தீர்ப்பு வந்தது. வாங்கியவருக்கு உரியதுதான் கார்ட்ரிட்ஜ் என்பது அதன் சாரம்.

இந்தோனேசியக் கடைகள் காட்டிய வழி

அந்தத் தீர்ப்புக்குப் பல ஆண்டுகள் முன்பே தென்கிழக்கு ஆசியாவின் கடைக்காரர்கள் வேறொரு தீர்வைக் கண்டுபிடித்திருந்தார்கள். கார்ட்ரிட்ஜைத் துளைத்து மெல்லிய குழாய்களைச் செருகி, பிரிண்டருக்கு வெளியே வைத்த மைப் புட்டிகளோடு இணைத்துவிட்டார்கள். மை தீரத் தீரப் புட்டியில் ஊற்றினால் போதும். இந்தோனேசியாவில் இப்படி மாற்றியமைத்த எப்சன் பிரிண்டர்கள் பரவலாக ஓடின. கசிவும் பழுதும் அதிகம். ஆனாலும் மக்கள் அதையே விரும்பி வாங்கினார்கள்.

எப்சன் இதிலிருந்து பாடம் படித்தது. குழாயும் தொட்டியும் கொண்ட அமைப்பைத் தானே முறையாக வடிவமைத்து, 2010இல் இந்தோனேசியாவிலேயே முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிரிண்டரின் விலையைக் கூட்டி, மையின் விலையைக் குறைத்தது. பிறகு இந்தியா உள்ளிட்ட நாடுகளுக்கு அது பரவியது. கேனானின் ஜி வரிசை, எச்.பி.யின் ஸ்மார்ட் டேங்க், பிரதரின் டி வரிசை எல்லாம் அதைத் தொடர்ந்து வந்தவை. ஒரு தொழிலின் விலை முறையையே வாடிக்கையாளரும் தெருக்கடை மெக்கானிக்கும் சேர்ந்து மாற்றியது போற்றத்தக்க வரலாறு.

துளி பிறக்கும் விதம்

ஹெட்டின் அடிப்பக்கத்தில் கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்துளைகள் வரிசையாக இருக்கின்றன. எப்சன் எல் 3110 மாடலில் கறுப்புக்கு 180 துளைகள்; சயான், மெஜந்தா, மஞ்சள் ஆகிய மூன்றுக்கும் தலா 59. ஹெட் இடமும் வலமுமாக ஓடும்போது இந்தத் துளைகளிலிருந்து மை தெறிக்கிறது. மிகச் சிறு துளியின் அளவு 3 பிகோலிட்டர். ஒரு லிட்டரை லட்சம் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு பிகோலிட்டர். இந்த அளவில் தெளித்தால் ஒரு 65 மில்லி பாட்டிலில் 2,000 கோடித் துளிகளுக்கு மேல் கிடைக்கும்.

துளியைத் தள்ள இரண்டு வழிகள் உள்ளன. கேனானும் எச்.பி.யும் சூட்டைப் பயன்படுத்துகின்றன. துளைக்குப் பின்னாலிருக்கும் நுண்ணிய ஹீட்டர் சில மைக்ரோ வினாடிகளில் சுமார் 300 டிகிரிக்குச் சூடேறும். அதை ஒட்டியிருக்கும் மை ஆவிக் குமிழாகி, முன்னாலிருக்கும் மையைத் தள்ளிவிடும். எப்சனும் பிரதரும் பீசோ முறையைக் கையாளுகின்றன. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றும் என்று பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும் 1880இல் கண்டறிந்தார்கள். அதன் மறுபக்கமாக, அத்தகைய பொருளுக்கு மின்சாரம் கொடுத்தால் அது நெளியும். அந்த நெளிவு மை அறையை அழுத்தித் துளியை வெளியேற்றுகிறது.

இந்த வேறுபாடு வாங்குபவருக்கும் முக்கியம். சூட்டு முறையில் ஹீட்டரின் மீது மை கருகிப் படிந்து, ஹெட் காலப்போக்கில் தேயும். அதனால் கேனான் ஜி வரிசையிலும் எச்.பி. ஸ்மார்ட் டேங்கிலும் ஹெட்டை நாமே கழற்றிப் புதிது மாட்ட வழி செய்திருக்கிறார்கள். பீசோ ஹெட்டில் அந்தக் கருகல் இல்லை. நீண்ட நாள் உழைக்கும். ஆனால் கெட்டுப்போனால் சர்வீஸ் சென்டர்தான் மாற்ற வேண்டும். செலவும் கனமாக இருக்கும்.

மை ஏன் தானாகச் சொட்டுவதில்லை?

கொத்தனார் தண்ணீர் நிரப்பிய டியூபை இரு சுவர்களிலும் பிடித்து மட்டம் பார்ப்பார். டியூபின் இரு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்துக்கு வந்து நிற்கும். மைத்தொட்டிக்கும் ஹெட்டுக்கும் இடையிலான குழாயிலும் இதே விதிதான். தொட்டி உயர்ந்தால் ஹெட்டின் துளைகள் வழியே மை சொட்டும். மிகவும் தாழ்ந்தால் ஹெட்டுக்கு மை ஏறாது. ஆகவே துளைகளில் நிற்கும் மை எப்போதும் மிக லேசாக உள்நோக்கி இழுக்கப்பட்டிருக்கும்படி, தொட்டியின் உயரத்தையும் அதற்குள் காற்று நுழையும் வழியையும் அமைத்திருக்கிறார்கள். துளையின் வாயில் மையின் பரப்பு இழுவிசை மிச்ச வேலையைச் செய்கிறது.

பிரிண்டரைச் சாய்க்காதீர்கள் என்று கையேடு சொல்வதன் காரணம் இதுவே. வீடு மாறும்போது வேனில் படுக்கப்போட்டு எடுத்துப் போனால் மை கசிவதோடு, குழாய்க்குள் காற்றும் புகுந்துவிடும். தொட்டியில் கீழ்க்கோடு போட்டிருப்பதும் இதற்காகத்தான். மை அதற்குக் கீழே இறங்கியும் அச்சிட்டால் குழாய்க்குள் காற்று ஏறும். காற்றுக் குமிழ் அமுங்கிக் கொடுக்கும் என்பதால் படிகம் தரும் அழுத்தம் குமிழிலேயே வீணாகித் துளி பிறக்காது. பல மாடல்களில் மையின் அளவைக் கண்டறியும் சென்சார் கிடையாது. கணினித் திரை காட்டும் அளவு வெறும் மதிப்பீடு. தொட்டியைக் கண்ணால் பார்ப்பதே சரியான வழி.

உலரவிடாமல் காப்பது

கார்ட்ரிட்ஜ் காலத்தில் மாற்றி எறிந்த ஹெட், இப்போது பல ஆண்டுகள் நம்மோடு இருக்கிறது. மையில் மிச்சமாகும் காசுக்கு நாம் கொடுக்கும் ஈடு, அந்த ஹெட்டைப் பேணும் கவனம்.

முதல் பழக்கம், பிரிண்டரை அதன் பொத்தானை அழுத்தியே நிறுத்துவது. பொத்தானை அழுத்தியதும் ஹெட் தன் இடத்துக்குப் போய், ரப்பர் மூடியின் மீது அமர்ந்துகொள்ளும். நம் வீடுகளில் சுவர் ஸ்விட்சை அப்படியே அணைக்கும் வழக்கம் அதிகம். அச்சிடும் நடுவில் அப்படி அணைத்தால் ஹெட் திறந்தபடியே நின்று, துளைகளில் மை உலர்ந்துவிடும்.

இரண்டாவது, வாரம் ஒருமுறையாவது நான்கு வண்ணங்களும் வரும் ஒரு பக்கத்தை அச்சிடுவது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய் இரண்டு மாதம் கழித்துத் திரும்பும் வீடுகளில்தான் அடைப்பு அதிகம்.

மூன்றாவது, எழுத்தில் வெள்ளைக் கோடு விழுந்தால் உடனே ஹெட் கிளீனிங் கொடுக்காமல், முதலில் துளைகளைச் சோதிக்கும் நாசில் செக் பக்கத்தை எடுத்துப் பார்ப்பது. கோடுகள் விட்டுப்போயிருந்தால் மட்டும் கிளீனிங். மூன்று முறை செய்தும் சரியாகவில்லையென்றால் பொறுமை தேவை. எப்சனின் பல மாடல்களுக்கான கையேடு 12 மணி நேரம் அச்சிடாமல் விட்டுவிட்டு மறுபடி பார்க்கச் சொல்கிறது.

கிளீனிங் என்பது மையை உறிஞ்சி வெளியேற்றும் வேலை. அந்த மை பிரிண்டரின் அடியிலுள்ள பஞ்சுப் பட்டையில் சேர்கிறது. பட்டை எவ்வளவு குடித்தது என்று இயந்திரம் கணக்கு வைத்திருக்கும். அளவு நிரம்பியதும் அச்சிட மறுத்துவிடும். பல மாடல்களில் இதற்கு சர்வீஸ் சென்டர் போக வேண்டும். எப்சன் எல் 6170, கேனான் ஜி 3020 போன்றவற்றில் இந்தப் பட்டையைத் தனிப் பெட்டியாக்கி, நாமே மாற்றிக்கொள்ள வசதி செய்திருக்கிறார்கள். வாங்கும்போது கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இது.

சாய மையா, நிறமி மையா

சாய மை தண்ணீரில் முழுதாகக் கரைந்தது. நிறம் துலக்கமாக இருக்கும், போட்டோவுக்கு நல்லது. ஆனால் சாதாரணத் தாளில் ஈரம் பட்டால் பரவும். நிறமி மையில் வண்ணம் நுண்துகள்களாக மிதக்கும். தாளின் மேலேயே தங்குவதால் எழுத்து கூர்மையாக விழும். தண்ணீர் பட்டாலும் பெரும்பாலும் கலையாது. கேனான் ஜி வரிசையிலும் எச்.பி. ஸ்மார்ட் டேங்கிலும் கறுப்பு மட்டும் நிறமி மை, மற்ற வண்ணங்கள் சாய மை. எப்சனின் எல் 3110 போன்ற ஆரம்ப விலை மாடல்களில் நான்குமே சாய மை. ஹால் டிக்கெட், பில், விண்ணப்பம் என்று வெளியே கொண்டுபோகும் தாள்கள் அதிகம் எடுப்பவர்கள் நிறமிக் கறுப்பைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

இந்த இரண்டையும் ஒரே தொட்டியில் கலக்கவே கூடாது. ஒன்றுக்கொன்று சேராமல் திரிந்து துளைகளை அடைத்துவிடும். வேறு மாடலுக்கான மையை விலை குறைவு என்று ஊற்றுவதும் ஆபத்தே. சூட்டு முறைக்கான மை வேறு, பீசோ முறைக்கான மை வேறு. பக்கத்துக்கு 9 பைசா ஆகும் மையில் இன்னும் 5 பைசா மிச்சம் பிடிக்கப் போய், ஆயிரக்கணக்கில் விலையுள்ள ஹெட்டை இழப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

யார் வாங்கலாம்?

ஜெராக்ஸ் கடையில் ஒரு பிரிண்ட் 5 ரூபாய் என்றும், வீட்டில் தாளும் மையும் சேர்த்து ஒரு ரூபாய்க்குள் முடிகிறது என்றும் கொள்வோம். 12,000 ரூபாய் பிரிண்டருக்குப் போட்ட பணம் திரும்ப 3,000 பக்கங்கள் அச்சிட வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் இருவர் உள்ள வீட்டுக்கும், பில்லும் லேபிளும் அடிக்கும் சிறு தொழிலுக்கும், டியூஷன் எடுக்கும் ஆசிரியருக்கும் இது இரண்டு மூன்று ஆண்டு வேலை. அச்சிடும்போது 12 வாட் அளவுக்குத்தான் மின்சாரம் இழுக்கும் என்பதால், பீசோ வகை பிரிண்டர் வீட்டு இன்வெர்ட்டரிலும் ஓடும். பல நூறு வாட் கேட்கும் லேசர் பிரிண்டருக்கு இது பெரும்பாலும் இயலாது.

மாதம் ஐந்தாறு பக்கம் மட்டும் எடுப்பவருக்கு என் யோசனை வேறு. பணம் திரும்புவதற்குள் மை உலர்ந்துவிடும். அவருக்கு ஜெராக்ஸ் கடையே போதும். அல்லது உலரும் தொல்லையே இல்லாத, டோனர் பொடியில் இயங்கும் சிறு லேசர் பிரிண்டரை வாங்கலாம். வாரந்தோறும் அச்சிடும் வேலை உள்ளவர்கள் மைத்தொட்டி பிரிண்டரைத் தயங்காமல் வாங்குங்கள். வாங்கிய அன்றே கையேட்டைப் படித்து, பொத்தானை அழுத்தி அணைக்கும் பழக்கத்தை வீட்டிலுள்ள அனைவருக்கும் சொல்லிக்கொடுங்கள்.