முழங்கால் நோவும் என்புப் புற்றும்

எலும்பை 'என்பு' என வழங்கும் பழந்தமிழ் இலங்கைப் பாடநூல்களில் இன்றும் வாழ்கிறது. எல்லத் தோட்டத்துச் சிறுவர் நாவில் அச்சொல்லைக் கேட்டு மகிழ்பவன் யான். 'என்புப் புற்று' என்னுந் தொடரிற் கேட்கும்போதோ உள்ளம் நடுங்கும். கிரேக்கர் புற்றுநோயை நண்டு என்றனர். நம்மவர் கறையான் புற்றைக் கண்டனர். உள்ளே அரித்துப் புறத்தே மேடாய் எழும் இந்நோய்க்கு நம்மவர் உவமையே பொருந்தும் என்பது என் துணிபு.

ஒஸ்டியோசார்கோமா எனப்படும் இந்நோய் அரிது. ஆயினும் உடல் விரைந்து வளரும் பருவத்தையே அது மிகுதியும் பற்றும். இடம் பெரும்பாலும் முழங்காலை அடுத்த என்பு. விளையாட்டுப் போட்டிக் காலத்தில் முழங்கால் நோவாத மாணவன் யார்? ஏமாற்றம் இங்கேதான். சுளுக்கு ஓய்வில் தணியும். இந்நோவோ துயிலைக் கலைக்கும், வாரந்தோறும் வளரும், வீக்கமுங் காட்டும். லயங்களில் எண்ணெய் தேய்த்து உருவிக் கட்டுப் போடுவர்; மாதங்கள் கழியும். வேண்டுவது எக்ஸ்-கதிர்ப் படம். அதற்குப் பதுளை ஆஸ்பத்திரி தொலைவன்று.

முற்காலத்தில் காலை நீக்கியும் ஐவரில் ஒருவரே பிழைத்தனர். கண்ணுக்குத் தெரியாத நோயணுக்கள் முன்னமே நுரையீரலை அடைந்திருக்கும். கனடாவின் டெரி பாக்ஸ் 1977இல், 18 வயதில், வலக்காலை இழந்தார். 1980இல் செயற்கைக் காலுடன் 143 நாள், 5,373 கிலோமீற்றர் ஓடினார். நோய் நுரையீரலிற் காண, 1981இல் மறைந்தார். 1970களில் தொடங்கிய மருந்து மருத்துவமே நிலையைப் படிப்படியாக மாற்றிற்று. மெதோட்ரெக்சேட், டொக்சோரூபிசின், சிஸ்பிளாட்டின் என்பவற்றை ஏறத்தாழப் பத்து வாரம் செலுத்தி, அறுவை செய்து, மீண்டும் மருந்து தருவர். நோய் பரவாதிருப்பின் இன்று பதின்மரில் அறுவர் அல்லது எழுவர் ஐந்தாண்டு கடந்து வாழ்கின்றனர். பரவியபின் இருவர் அல்லது மூவரே.

"கால எடுத்துட்டா பய எப்படிங்கய்யா மலையேறுவான்?" என்றார் ஒரு தந்தை. கால் இன்று பலருக்குக் காக்கப்படுகிறது. நோயுற்ற என்பை மட்டும் அகற்றி உலோக என்பு பொருத்துவர். சென்னை மருத்துவர் மயில்வாகனன் நடராஜன் இத்துறையிற் பெயர் பெற்றவர்.

மகரகமை அரசினர் புற்றுநோய் வைத்தியசாலையிற் கட்டணம் இல்லை. ஆனால் மருந்து பல மாதம் நீளும். கொழுந்தெடுக்கும் தாய் அத்தனை நாளும் பேர் இழந்து பிள்ளையருகே இருத்தல் வேண்டும். வீக்கம் வற்றியதும் நலமாயிற்றென்று இடையில் திரும்புவோர் உளர். அக்குடும்பங்களுக்குப் பயணச் செலவும் அரிசியும் திரட்டித் தருதல் எம் போன்றோர்க்கு இயலும். நொண்டி வரும் பிள்ளையை நாள்தோறும் காண்பவரும் ஆசிரியரே. இரண்டு மூன்று வாரம் கடந்தும் நோவு தணியாவிடின், பெற்றோரை அழைத்து ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கையிற் கொடுத்தனுப்புகிறேன்.