சுழற்காற்றின் பாதையில் ஓர் அளவு கருவி

டோர்னடோ எனப்படும் சுழற்காற்று, கருமேகத்தின் அடியிலிருந்து தூண் போல் தரைவரை நீண்டு, சில நிமிடங்களில் ஓர் ஊரையே அழிக்க வல்லது. 1998ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஒடிசா, மேற்கு வங்காள எல்லைப்புற மக்கள் இதனை நேரிற் கண்டனர். இதன் வேகத்தை ராடார் தொலைவிலிருந்தே கணித்துவிடும். ஆயின் ராடாரின் கதிர் பெரும்பாலும் தரைக்கு உயரே செல்வதால், வீடுகளும் மனிதரும் உள்ள கடைசிச் சில மீட்டரில் நிகழ்வது அதற்கு நன்கு புலப்படுவதில்லை. கட்டடம் அமைப்போர் அறிய விரும்புவதோ அதனையே.

அமெரிக்கப் பொறியியலாளர் டிம் சமராஸ் இதற்கெனத் தட்டையான கூம்பு வடிவில், ஏறத்தாழ 20 கிலோகிராம் எடையுள்ள கருவி ஒன்றை அமைத்தார். காற்று எத்துணை வலுத்தாலும் அது தரையை விட்டு எழாது. ஆனால் அதனை யாரேனும் சுழற்காற்றின் எதிரே கொண்டுபோய் வைத்தாக வேண்டுமே! 2003 ஜூன் 24 அன்று தெற்கு டக்கோட்டா மாநிலத்து மான்செஸ்டர் என்னும் சிற்றூரின் அருகே சமராஸ் அதனை வைத்துவிட்டு விரைந்து விலகினார். ஒன்றரை நிமிடத்திற்குள் சுழற்காற்று அதன்மீது கடந்தது. காற்றழுத்தம் 100 மில்லிபார் வீழ்ந்ததைக் கருவி பதிவு செய்திருந்தது. தரையில் அதுகாறும் எவரும் பெற்றிராத அளவு அது.

சமராஸ் வெறும் துணிச்சற்காரர் அல்லர். எச்சரிக்கை மிக்கவர் என்றே சக ஆராய்ச்சியாளர் அவரை மதித்தனர். காற்றின் போக்கையும் தப்பும் சாலையையும் கணித்த பின்னரே அணுகுவார். எனினும் 2013 மே 31 அன்று ஓக்லஹாமா மாநிலத்து எல் ரெனோவில் அக்கணிப்பு பொய்த்தது. அன்றைய சுழற்காற்று திடீரெனத் திசை மாறி, விரைவு கூடி, 4.2 கிலோமீட்டர் அகலத்திற்குப் பெருத்தது. சிறிய காரில் சென்ற சமராசும், அவருடைய மகனும், உடனுழைத்த ஆராய்ச்சியாளர் ஒருவரும் மாண்டனர்.

அறிவுக்காக ஆபத்தை ஏற்றதைப் பிழை என்று கூற எனக்கு மனம் வரவில்லை. முன்னர்க் கண்ட புயல்களைக் கொண்டு இனி வரும் புயலை அளந்ததிலேயே இடர் மறைந்திருந்தது எனலாம். மகனையும் உடன் அழைத்துச் செல்லும் அளவுக்கு அவர் தம் கணக்கை நம்பியிருந்தார்.

அதே மாலையில், சற்றுத் தொலைவில் நின்ற நடமாடும் ராடார் மணிக்கு 450 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட காற்றைப் பதிவு செய்தது. ஆயினும் அச்சுழற்காற்று பெரும்பாலும் வெட்டவெளியிலேயே சென்றமையால் இடிந்த கட்டடங்கள் குறைவு. எனவே, இடையில் உச்சமான ஐந்தாம் நிலை எனக் குறிக்கப்பட்ட அது, சேதத்தின் அடிப்படையில் மூன்றாம் நிலைக்கு இறக்கப்பட்டது.