கேட்கக் கற்றவனுக்கே பேசும் உரிமை

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்பத் திருநாள். அன்று வேளாங்கண்ணியிலும் நாகப்பட்டினத்திலும் ஆழிப்பேரலை விளைத்த துயரத்தை நம் குடும்பங்கள் மறக்கவில்லை. அதே காலையில் அந்தமானின் தலைநகரும் நடுங்கியது. அப்போது போர்ட் பிளேர் என வழங்கிய அந்நகருக்கு இன்று ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். நிலம் அதிர, மின்சாரம் நின்றது; தொலைபேசிகள் ஊமையாயின.

அந்நகரின் விடுதியொன்றில், ஐதராபாத்திலிருந்து சென்ற சிறு குழு ஒன்று தங்கியிருந்தது. அதன் தலைவி பாரதி பிரசாத் என்னும் பெண்மணி. தீவுகளிலிருந்து உலகெங்கும் உள்ள வானொலி ஆர்வலரோடு உரையாட, நெடுங்காலத்திற்குப் பின் அரசு தந்த அனுமதியோடு வந்தவர்கள் அவர்கள். பொழுதுபோக்கிற்காக நிறுவிய கருவி ஒரு நொடியில் தொண்டுக் கருவியாயிற்று. தீவுகளில் சிக்கியோரின் செய்திகள் அதன் வழியே தாய்நிலத்தை அடைந்தன. குழுவினர் கார் நிக்கோபாருக்கும் கருவியோடு சென்று பணியாற்றினர்.

இவர்கள் ஊதியம் பெறும் அலுவலர் அல்லர், அமெச்சூர் வானொலியாளர்கள். 'ஹாம்' என்பது இவர்களுக்கு உலகம் வைத்த செல்லப்பெயர். ஆனால் ஆர்வம் மட்டும் ஒருவரை ஹாம் ஆக்கிவிடாது. அரசு நடத்தும் தேர்வில் வென்று, உரிமம் பெற்ற பின்னரே அவர் ஒலிபரப்பலாம்.

ஏன் இந்தத் தேர்வு?

"வானம் எல்லார்க்கும் பொதுதானே? அதில் பேசுவதற்கும் பரீட்சையா?" என்று நம் பிள்ளைகள் கேட்கக்கூடும். பொது என்பதனால்தான் பரீட்சை. ஊர்க் கிணற்றில் ஒருவர் சேற்றைக் கொட்டினால் ஊரே தாகத்தால் வாடும். அதுபோல, ஒருவர் தவறான அலைவரிசையில் ஒலிபரப்பினால் வேறொருவரின் அபாயக் குரல் அமுங்கிப்போகலாம். வானூர்திகளும் கப்பல்களும் காவல்துறையும் இதே வெளியைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன.

ஆகவே வினாத்தாளில் இரு பகுதிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 50 மதிப்பெண். ஒன்று வானொலியின் தத்துவமும் செயல்முறையும். மின்னோட்டம், ஓம் விதி, மின்சுற்றுகள், அலைவாங்கி, அலைபரப்பி, அலைக்கம்பம் ஆகியவை இதில் அடங்கும். கணக்கென்று அஞ்ச வேண்டியதில்லை. 40 மீட்டர் அலையில் பேச விரும்புபவர், அதில் பாதியாகிய சுமார் 20 மீட்டர் கம்பியை இரு தென்னைகளுக்கிடையே கட்டினால் போதும் என்பதை இப்பாடம் விளக்கிவிடும்.

மற்றொன்று விதிமுறைகள். இதனை ஒழுக்கப் பாடம் என்றே கூறலாம். ஒவ்வொரு ஹாமுக்கும் ஓர் அழைப்புக் குறி அளிக்கப்படும். உரையாடலில் அதைச் சொல்லித் தன்னை இன்னார் என்று வெளிப்படுத்த வேண்டும். யாரோடு, எந்நேரம், எந்த அலைவரிசையில் பேசினார் என்பதைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். வாணிபத்திற்கு இடமில்லை. பொய்யான அபாய அறிவிப்பு குற்றம். தனக்கென அனுப்பப்படாத செய்தி தற்செயலாகக் காதில் விழுந்தால் அதைப் பிறரிடம் பரப்பலாகாது. புறங்கூறாமையை ஓர் அரசு விதியே கற்பிக்கிறது!

படிப்படியாக உயரும் நம்பிக்கை

நம் நாட்டில் இத்துறைக்கு அடிப்படையாக அமைந்தவை 1978ஆம் ஆண்டின் விதிகள். முன்பு உயர்நிலை, முதல் நிலை, இரண்டாம் நிலை எனப் பல படிகள் இருந்தன. பின்வந்த திருத்தங்கள் அவற்றைச் சுருக்கி, வரையறுக்கப்பட்ட நிலை, பொது நிலை என இரண்டாக்கின. 12 வயது நிறைந்த சிறுவரும் சிறுமியரும்கூட விண்ணப்பிக்கலாம் என்பது பெற்றோர் கவனிக்கத்தக்கது.

வரையறுக்கப்பட்ட நிலைக்கு எழுத்துத் தேர்வு மட்டுமே; ஒவ்வொரு பகுதியிலும் 40 விழுக்காடும், மொத்தத்தில் 50 விழுக்காடும் பெற வேண்டும். வென்றவர் குறைந்த ஆற்றலோடு, குறித்த சில அலைவரிசைகளில் பேசலாம். 'வியூ 3' என்று தொடங்கும் அழைப்புக் குறி அவருக்கு உரியது. பொது நிலைக்குப் பாடம் ஆழமானது. ஒவ்வொரு பகுதியிலும் 50, மொத்தத்தில் 55 விழுக்காடு தேவை. வென்றவர்க்கு மிகுந்த ஆற்றலும் பரந்த அலைவரிசைகளும் திறக்கும்; அவர் 'வியூ 2' ஆவார். சிறியதில் நம்பத்தக்கவன் என்று மெய்ப்பித்தவனுக்கே பெரியது ஒப்படைக்கப்படுகிறது.

செவிக்கு ஒரு சோதனை

பொது நிலையை நாடுவோர் பலரை மலைக்கவைப்பது மோர்ஸ் தந்திக்குறிதான். நிமிடத்திற்கு 8 சொல் என்பது வேகம். ஒரு சொல்லுக்கு 5 எழுத்து எனக் கொண்டால், 5 நிமிடத்தில் 200 எழுத்துகளைக் கேட்டு எழுத வேண்டும். அவ்வாறே அனுப்பியும் காட்ட வேண்டும். ஐந்து பிழைகளுக்கு மேற்பட்டால் தோல்வி.

2003ஆம் ஆண்டு ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு, தந்திக்குறித் தேர்வைக் கட்டாயமாக்குவதை ஒவ்வொரு நாட்டின் விருப்பத்திற்கு விட்டது. அமெரிக்கா 2007இல் அதை அறவே நீக்கியது. நம் நாட்டின் விதிகளோ பொது நிலைக்கு அதை விட்டுவிடவில்லை. இது வீண் சுமையன்று. குரல் புரியாத அளவுக்கு இரைச்சல் மிகுந்த வேளையிலும், புள்ளியும் கோடுமாக வரும் மெல்லிய ஒலி பழகிய செவிக்குப் புலப்படும்.

இதைக் கண்ணால் மனப்பாடம் செய்யலாகாது. 'ஏ' என்ற ஆங்கில எழுத்தைப் 'புள்ளி, கோடு' என்று எண்ணுபவன் அடுத்த எழுத்தைத் தவறவிடுவான். 'டி-டா' என்று ஓசையாகவே பிடிப்பவன் முன்னேறுவான். மிருதங்கம் பயிலும் சிறுவன் சொற்கட்டைச் செவிவழி பெறுவது போன்றதே இது. நாள்தோறும் கால் மணி நேரம், அண்ணன் தட்டத் தங்கை எழுதுவது என்று வீட்டிலேயே பழகலாம். தவறிய எழுத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குச் செவிகொடுப்பதே தேர்வறையில் பலரைக் காக்கும் இரகசியம்.

ஒரு குருவின் குரல்

இக்கலைக்குத் திருச்சபையிலும் முன்னோடிகள் உண்டு. சிகாகோவில் பிறந்த சேசு சபைக் குரு மார்ஷல் மோரன் 1951இல் நேபாளத்தில், கோதாவரி என்ற இடத்தில் புனித சவேரியார் பள்ளியைத் தொடங்கினார். 9என்1எம்எம் என்பது அவருடைய அழைப்புக் குறி. கடைசி இரண்டு எழுத்துகளை 'மிக்கி மௌஸ்' என்று விரித்துச் சொல்லி உலகைச் சிரிக்கவைப்பார். 1992இல் அவர் இறக்கும்வரை, உலகின் வானொலியாளர் பலருக்கு நேபாளம் என்றாலே அவர் குரல்தான்.

பெற்றோருக்கு ஒரு சொல்

"கைப்பேசி இருக்கையில் இதெல்லாம் எதற்கு?" என்று கேட்போரும் உண்டு. கைப்பேசி பேசுவதற்குக் கோபுரம் வேண்டும். கோபுரத்திற்கு மின்சாரம் வேண்டும். புயலில் இரண்டும் வீழ்ந்தபின், ஒரு மின்கலமும் சிறிது கம்பியும் கற்றறிந்த ஒரு மனிதரும் எஞ்சியிருந்தால் போதும், ஊரின் குரல் வெளியே கேட்கும்.

ஆர்வமுள்ள பிள்ளைகள் முதலில் அருகிலுள்ள ஹாம் சங்கத்தை நாடி, அனுபவமுள்ளோர் பேசுவதைச் சில மாதங்கள் கேட்கட்டும். விண்ணப்பிக்குமுன் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் அன்றைய விதிகளையும் கட்டணத்தையும் சரிபார்த்துக்கொள்ளட்டும். உரிமம் கைக்கு வருமுன் பேசும் விசையைத் தொடாதிருக்கட்டும். அந்தப் பொறுமையும் பயிற்சியின் ஒரு பகுதியே.

'கேள்வி' என்று தனியோர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். அன்று அந்தமானில் அக்குழு பேசியது பெரிதுதான். ஆனால் கடலுக்கு இப்பால், தத்தம் வீட்டு மேசைகளில் காதொலிக் கருவியை மாட்டிக்கொண்டு காத்திருந்த பெயர் தெரியாத பலர் கேட்டிராவிட்டால், அக்குரல் காற்றோடு போயிருக்கும். அத்தகைய செவியொன்று நம் பங்கிலும் இருக்குமா? பன்னிரண்டு வயதுப் பிள்ளை உள்ள இல்லங்கள் இக்கேள்வியைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.